டப்பிக்குத் தெரிந்த செவ்வந்தி

மாட்டுக்குச் சாராயம் ஊற்றிச் சந்தையில் நிறுத்தினால் அது எப்படி நிற்கும் என்று வீரமலைக்குத் தெரியும். முட்டுகிற மாடு அன்றைக்கு முட்டாது. மேலே ஈ உட்கார்ந்தால் வாலை ஆட்டாது. வாங்க வந்தவன் கொம்பைப் பிடித்து உலுக்கினாலும், உலுக்கிக்கொள் என்கிற மாதிரி தலையைக் கொடுக்கும். "தங்கமான மாடுய்யா" என்று சொல்லி அவன் அவிழ்த்துக்கொண்டு போவான். மறுநாள் தெளிந்த பிறகு அவன் வீட்டுத் தொழுவத்தில் என்ன நடக்கிறது என்பது தரகனுக்குத் தேவையில்லாத சங்கதி. வீரமலையும் ஊற்றியிருக்கிறார். அதற்காக வெட்கப்பட்டதும் கிடையாது.

அந்தக் கண்ணால்தான், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு நின்ற தன் மகளைப் பார்த்தார்.

"பொண்ணு ரொம்ப அமைதியா இருக்கே," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. சந்தோஷமாகத்தான் சொன்னாள். "சமையலெல்லாம் வருமா தாயி?"

"வரும்ங்க," என்றாள் செவ்வந்தி.

"அப்பாவோட மாட்டுச் சந்தைக்கெல்லாம் போய்க்கிட்டு இருந்தியாமே. அதெல்லாம் நமக்கு இனிமே வேணாம். வீட்டப் பாத்துக்கிட்டாப் போதும். என்ன?"

"சரிங்க."

"மாமியாக்காரி கொஞ்சம் முன்னப்பின்னப் பேசுனாலும் பொறுத்துப் போகணும்."

"சரிங்க."

அந்த அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மாடு வாங்க வந்தவன் முகத்தில் வீரமலை எத்தனையோ தடவை பார்த்த வெளிச்சம்.

அவர்கள் போன பிறகு மனைவி பாப்பாத்தி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பாடி வீரமலை கேட்டதில்லை.

"அவ பேசுனதப் பாத்தியா நீ?" என்றார்.

"அடக்கமாப் பேசுனா. அதுக்கென்ன இப்ப?"

"அடக்கமா? போன வருசம் திண்டுக்கல்காரன் கெழட்டு மாட்டக் கொண்டாந்து இளமாடுன்னு சொன்னப்ப, 'இது பல்லா, இல்ல உங்க பாட்டன் கழட்டி வெச்ச பல்செட்டா'ன்னு சந்தையே சிரிக்கக் கேட்டாளே, அவதானே இவ?"

"அவ உசுரோட இருக்கால்ல? அது போதும் எனக்கு. சும்மா கெடங்க."

பாப்பாத்தி அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. செவ்வந்திக்கு ஏழு வயசில் ஆரம்பித்தது வலிப்பு. பாப்பாத்திதான் கூடவே கிடந்தவள். செவ்வந்தி குளிக்கும்போது கதவைச் சாத்த விடமாட்டாள். வலிப்பில் கொதிக்கிற உலையைத் தன் மேலே கவிழ்த்துக்கொண்டதில் செவ்வந்தியின் இடது கை இன்றைக்கும் சுருங்கித்தான் இருக்கிறது. ஒரு தடவை சந்தையில் காளைகளுக்கு நடுவில் விழுந்துவிட்டாள். தலைமுடியைப் பிடித்துத்தான் வீரமலை இழுத்துப்போட்டார். மாத்திரைக்குக் குறைவில்லை. மாத்திரைக்கு வலிப்பு அடங்கவும் இல்லை.

கடைசியில் திருச்சியில் ஜமீலா என்று ஒரு டாக்டரம்மா. மண்டையில் சின்னதாகத் துளை போட்டு, காதுக்கு மேலே தோலுக்கு அடியில் ஒரு டப்பி வைத்தார். அதிலிருந்து முடி மாதிரி ரெண்டு கம்பி மூளைக்குள் போகிறது. வலிப்பு கிளம்பப்போவது டப்பிக்கு முன்கூட்டியே தெரியுமாம். தெரிந்த உடனே துளி கரண்டு விடும். வலிப்பு கிளம்பிய இடத்திலேயே அமுங்கிப்போகும். வீரமலை நம்பவில்லை. விற்கிறவன் என்றைக்குத் தன் மாட்டைக் குறை சொன்னான்? ஆனால் டாக்டரம்மா சொன்னபடியே நடந்தது. டப்பி வேலையை ஆரம்பித்த பிறகு ஒரு வலிப்புகூட வரவில்லை.

வலிப்போடு சேர்ந்து வேறு என்னென்னவோ போயிருந்தது. ஆபரேஷன் அசதி என்றுதான் முதலில் நினைத்தார்கள். சிரிக்க வாய் திறப்பாள். பாதியில் முகம் துடைத்துவிட்ட பலகை மாதிரி ஆகிவிடும். கோபத்தில் புருவம் ஏறும். ஏறின வேகத்தில் இறங்கிவிடும்.

"ஏத்தா, சிரிக்க வந்த. ஏன் நிறுத்திட்ட?"

"தெரியலப்பா. போயிருச்சு."

அவ்வளவுதான் சொல்வாள். அதைக்கூட வருத்தமாகச் சொல்லமாட்டாள்.

அடுத்த சந்தைக்குப் பாப்பாத்தி கத்தக் கத்த மகளைக் கூட்டிக்கொண்டு போனார். "வாத்தா" என்றார், "சரிப்பா" என்று வந்தாள். அவர்கள் ஊர்ச் சந்தையில் இப்போது மாட்டுக்கெல்லாம் காதில் சில்லு வைத்தாகிவிட்டது. போனைக் காட்டினால் வயசு, கறவை, எத்தனை ஈத்து, எல்லாம் சொல்லிவிடும். பேசுகிற பேரத்தையும் போன் ஒட்டுக்கேட்டு, பக்கத்து மாட்டுக்காரனுக்கு விலை சொல்லிவிடும். அதனாலேயே தரகர்கள் துண்டை விடவில்லை. ரெண்டு பேர் கைமேலும் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறாயோ அத்தனை. கையை உருவினால் வேண்டாம். அழுத்தினால் முடிந்தது. துண்டுக்குள் நடப்பது போனுக்குத் தெரியாது.

கரூர் ரங்கன் எதிரே வந்தான். பழைய வியாபாரி. வாய்த்துடுக்கு.

"என்ன வீரமல, மகளுக்கு வாயில பூட்டுப் போட்டுட்டியா? முன்னெல்லாம் இவ வர்றான்னாலே நாங்க காதப் பொத்திக்குவோம்."

செவ்வந்தி பேசாமல் நின்றாள். அந்த நிற்பைப் பார்க்கப் பொறுக்காமல் வீரமலை தோளில் கிடந்த துண்டை உருவி, ரங்கன் கைமேலும் மகள் கைமேலும் எறிந்தார். "நீ எங்கிட்டப் பேசாத. நான் கொண்டாந்த செவலை மாட்டுக்கு அவகிட்டப் பேசு."

ரங்கன் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. நெற்றி வியர்த்தது. கையை உருவப் பார்த்தான், உருவ முடியவில்லை. மேலே செவ்வந்தியின் முகம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் இருந்தது. அடியில் துண்டு மட்டும் முயல் மாட்டிக்கொண்ட மாதிரி துள்ளியது.

"அடிப்பாவி!" என்று ஒருவழியாகக் கையைப் பிடுங்கிக்கொண்டு உதறினான் ரங்கன். "வாய்தான்யா செத்துருக்கு. கை அதே பழைய கைதான். வெரல ஒடச்சுப்புட்டா."

வீரமலை செவலையை விற்காமல் கொண்டுவந்து கட்டிவிட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு திருச்சி பஸ் ஏறினார்.

டாக்டர் ஜமீலா செவ்வந்தியின் காதுக்கு மேலே ஒரு வட்டத்தை ஒட்டவைத்தார். சுவர்த் திரையில் அவள் மூளையின் ஓட்டம் கோடு கோடாக ஓடியது. வீரமலை சந்தையில் நடந்ததைச் சொல்லக் கேட்டுவிட்டு, "ஐயா, அந்தத் துண்டு வேலையை இங்க செஞ்சு காட்டுங்க," என்றார். செய்தார்கள். கோடு எகிறிக் குதித்தது. டாக்டர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"இவ்வளவு ஆடுது. ஆனா டப்பி கரண்டு விடல. சரி, இப்ப இவளச் சிரிக்க வைங்க."

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து என்னத்தைச் சிரிக்க வைப்பது? ரங்கன் கையை உதறிக்கொண்டு குதித்ததை வீரமலை எழுந்து குதித்துக் காட்டினார். செவ்வந்தியின் உதடு விரிந்தது. சுவரில் கோடு கிளம்பியது. சட்டென்று படுத்துவிட்டது. உதடும் மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா? சிரிப்பு கிளம்புது, டப்பி அத வலிப்புன்னு நெனச்சு அமுக்குது." டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "ஐயா, வெச்ச பிறகு முதல் பத்து நாள் டப்பி கரண்டு விடாது, வேடிக்கை மட்டும் பாக்கும்னு சொன்னேன்ல? இவளோட வழக்கம் எதுன்னு கத்துக்கிற நாள் அது. அந்த வழக்கத்த விட்டு விலகிப் போறது எல்லாத்தையும் வலிப்பா எடுத்துக்கும். அந்தப் பத்து நாளும் எப்படி இருந்தீங்க?"

"நல்லபடியாத்தான் இருந்தோம். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தோம்."

"கட்டினா?"

பாப்பாத்தி சொன்னாள். "மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டு வெரதம்மா. ஒருவேளச் சாப்பாடு. கறி, மீனு, சண்ட சச்சரவு ஒண்ணும் கெடையாது. இவங்கதான் ஆபரேசன் நல்லாப் புடிக்கணும்னு, அவள வாயத் தொறக்கவே விடல. மௌன வெரதம். பத்து நாளும் கோயில்ல ஒக்காந்திருந்தா."

"எது வேணும்னாலும் துண்டுக்குள்ள கையாலதான் கேப்பா," என்றார் வீரமலை. "எத்தன இட்லி, எத்தன மணிக்குப் போலாம், எல்லாம். ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டது."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"வழக்கம்போல இருங்கன்னு சொன்னேனே ஐயா."

"சொன்னீங்க. வெரதம் இருந்தாக் கெடுதல்னு சொல்லலியே."

"சொல்லலதான். நான் கேட்டிருக்கணும்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "பேசாம, சிரிக்காம, பாதி வயித்தோட சாமியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்த ஒருத்தியத்தான் டப்பிக்குத் தெரியும். அவதான் செவ்வந்தின்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. கையால பேசுறது அப்ப இருந்ததால அத விடுது. மீதியெல்லாம் அதுக்கு வலிப்பு."

வீரமலை தன் கையைப் பார்த்தார். மாட்டுக்கு ஊற்றின கை. மகளுக்கும் தானேதான் ஊற்றியிருக்கிறோம் என்று தெரிந்தபோது அவருக்கு யாரையாவது அடிக்கவேண்டும் போல இருந்தது. அடிக்க அங்கே ஆள் இல்லை.

"டப்பி செஞ்ச கம்பெனிக்காரன் என்ன சொல்றான்?"

"வலிப்பு வரலல்ல, அப்பச் சாமான் சரியா வேலை செய்யுதுங்கிறான்."

"அதான. விக்கிறவன்ல. சரி, திரும்பக் கத்துக்குடுங்க அதுக்கு."

"குடுக்கலாம். கரண்ட நிறுத்திட்டு மறுபடி பத்து நாள் வேடிக்கை பாக்க விடணும். ஆனா அடக்கி வெச்ச வலிப்பு, விட்டா எப்படி வரும்னு சொல்ல முடியாது. வந்தது நிக்காமலும் போகலாம். உயிருக்கே ஆபத்து. நான் மறைக்கல."

"இங்கயே ஆஸ்பத்திரியில வெச்சுச் செஞ்சா?" என்றாள் பாப்பாத்தி.

"செஞ்சா ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருக்கிற செவ்வந்தியத்தான் கத்துக்கும்மா. வீட்லதான் நடக்கணும். நாள் கடத்தவும் முடியாது. மூளையும் இந்தத் தடத்துக்குப் பழகிக்கிட்டே வருது. பழகிட்டா அப்புறம் டப்பியக் கழட்டி எறிஞ்சாலும் இவ இப்படித்தான்."

"வேணாம்," என்றாள் பாப்பாத்தி. "இப்படியே இருக்கட்டும். வேணாம்ல கண்ணு?"

"வேணாம்மா," என்றாள் செவ்வந்தி.

"ஏத்தா, உனக்குப் பழையபடி ஆக வேணாமா? அணைச்சுப் பாத்துரலாம்ல?" என்றார் வீரமலை.

"சரிப்பா."

"இப்பத்தானடி வேணாம்ன!"

"ஆமாம்மா."

டாக்டர் கையை உயர்த்தினார். "கேக்கறவங்களுக்குத் தகுந்த பதில் சொல்றா. இத வெச்சு நான் கையெழுத்து வாங்கமாட்டேன். இவ வயசு வந்த பொண்ணு. உயிர் இவளுது. இவதான் சொல்லணும்."

"சொல்றதுக்கு எங்க விடுது உங்க டப்பி?" வீரமலை மேசையைத் தட்டினார். வெளியே இருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "கால்ல விழணுமா? சொல்லுங்க, விழறேன். இதுவரைக்கும் எவன் கால்லயும் விழுந்தவன் இல்ல நான்."

"விழுந்தாலும் மாட்டேன் ஐயா. யார் கேட்டாலும் ஒரே பதில் வந்தாத்தான் அது இவ பதில்."

வீரமலை மூச்சு வாங்க நின்றார். பிறகு மகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, ரெண்டு பேர் கைமேலும் துண்டைப் போட்டார்.

"டப்பிய எத்தன நாள் அணைக்கலாம்னு அவகிட்டக் கேக்குறேன்," என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, மகளின் ரெண்டு கையின் பத்து விரலையும் பிடித்தார். உருவிக்கொண்டாள். சரி, ஒரேயடியாக வேண்டாம் என்கிறாள் என்று அவருக்கு நெஞ்சு இறங்கியது. அப்போது அவர் கையைத் தேடி வந்து மூன்று விரலைப் பிடித்தாள். அவர் எட்டு என்றார். மூன்று. ஆறு என்றார். நகம் பதிகிற மாதிரி மூன்று.

"மூணு நாளுங்கிறா. ஏறி வரமாட்டேங்கிறா." வீரமலை டாக்டர் பக்கம் திரும்பினார். "பேரம் பேசுறா டாக்டரம்மா. எங்கிட்டயே."

டாக்டர் அவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்தார். எது எதற்கு எந்தப் பிடி என்று கேட்டுக்கொண்டார். பத்து என்றார், ஐந்து என்றார், ஒன்று என்றார். எதற்கும் மூன்றுதான் வந்தது. அப்புறம் பாப்பாத்தியைக் கூப்பிட்டார். பாப்பாத்தி துண்டுக்குள் கையை மூடிக்கொண்டு வைத்தாள். ஒரு நாளும் கிடையாது என்று அர்த்தம். செவ்வந்தி அம்மாவின் மூடின கையைப் பொறுமையாக ஒவ்வொரு விரலாகப் பிரித்து, மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்து, அழுத்தினாள்.

பாப்பாத்தி துண்டிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கையை மட்டும் உருவவில்லை.

"மூணு நாள்ல என்ன நடக்குதோ, அது மட்டும்தான் டப்பிக்குத் தெரியும்," என்றார் டாக்டர். "நடக்காதது எதையும் அப்புறம் அது விடாது. ஞாபகம் வெச்சுக்குங்க." ஒரு காந்த வில்லையைப் பாப்பாத்தியிடம் கொடுத்தார். பெரிய வலிப்பு வந்தால் காதுக்கு மேலே அதை வைத்து அழுத்தவேண்டும். டப்பி விழித்துக்கொள்ளும், பாடமும் அத்தோடு முடியும். பாப்பாத்தி அதை முந்தானையில் முடிந்தாள். முடிந்த கையை எடுக்கவே இல்லை.

ஊர் திரும்பினார்கள். மறுநாள் விடிந்ததும் டாக்டர் திருச்சியில் இருந்தபடியே டப்பியின் கரண்டை நிறுத்தினார். வீட்டில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பாப்பாத்தி உப்புமாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

செவ்வந்தி ஒரு வாய் போட்டாள். "உப்பு இல்ல," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உப்பே இல்லாத உப்புமாவ எத்தன மாசமாத் திங்கிறேன் நான்," என்றாள். பிறகு தட்டு பறந்து சுவரில் போய் விழுந்தது.

"யோவ் அப்பா! வாயக் கட்டு, வாயக் கட்டுன்னு சொன்னவன் நீதானய்யா! எவன் கேட்டான் உன்ன? என் மண்டையத் தொளச்சாங்க, என் வாயக் கட்டுன்னு நீ நேந்துக்கிட்டியா? உன் வாயக் கட்டிக்க வேண்டியதுதான! மாடு வந்து எம்மேல மோண்டாக்கூட சரிங்கன்னு நிக்க வெச்சியேய்யா!"

"ஆமாத்தா," என்றார் வீரமலை. கண்ணீர் தாடியில் இறங்கியது. "திட்டு. இன்னும் திட்டு."

"நீ சொல்லி நான் திட்டணுமா? போய்யா!"

அந்த மூன்று நாளும் அந்த வீடு வீடாக இல்லை. ஒரு ஆயுசை மூன்று நாளில் அடைக்கப் பார்த்தார்கள். ஆட்டுக்கறி வாங்கி வந்து வயிறு புடைக்கத் தின்றாள். பக்கத்து வீட்டுக்காரியோடு சாக்கடைத் தண்ணீருக்காகச் சண்டை போட்டாள். அவள் பதிலுக்குத் திட்டியபோது சந்தோஷத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சந்தைக்குப் போய்த் தொண்டை கட்டுகிறவரை விலை கூவினாள். பாட்டுப் போட்டு ஆடினாள், அம்மாவையும் இழுத்து ஆடவிட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, "நான் சந்தைக்குப் போவேன், மாமியா முன்னப்பின்னப் பேசுனா நானும் பேசுவேன், சரிங்களா?" என்று கேட்டாள். அந்த அம்மா போனை வைத்தவள்தான். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே இல்லை.

"ஏண்டி, புருசன் மேல ஆச, பாசம், அதெல்லாம்..." என்று பாப்பாத்தி இழுத்தாள்.

"மூணு நாள்ல அதுக்கு நான் எங்கம்மா போறது? சந்தையில புடிச்சுக்கிட்டு வரவா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்தபின் ரொம்ப நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெண்டு தடவை செவ்வந்திக்குக் கை வெட்டி இழுத்தது. பாப்பாத்தி முந்தானையை அவிழ்ப்பதற்குள் நின்றுவிட்டது. வீரமலை ஒவ்வொரு மூச்சையும் எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கும்போது பயம். சிரிக்காதபோது அதைவிடப் பயம்.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட கையோடு செவ்வந்தி கேட்டாள். "என்னய்யா பாக்கி இன்னும்?"

"எல்லாம் ஆச்சுத்தா. சாயங்காலத்தோட முடிஞ்சிரும்."

"அழுகை ஆச்சா?"

"திட்டும்போதே அழுதியே."

"அது ஆத்திரம். நீ செத்தா அழ வேணாமா நான்?"

"சாகும்போது பாத்துக்கலாம் போ."

"அப்ப டப்பி விடாதுய்யா. உன் பொணத்துக்கிட்ட நின்னு சரிங்க, சரிங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கவா?" கட்டிலை இழுத்துப் போட்டாள். "படு."

"அபசகுனமாப் பேசாதடி," என்று பாப்பாத்தி பதறினாள்.

"நீ சும்மா இரும்மா. படுய்யா. தலைய அந்தப் பக்கம் வை. கண்ணத் தொறந்த, நெசமாவே கொன்னுருவேன்."

வீரமலை படுத்தார். அவள் கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்து ஒரு நாடாவால் கட்டினாள். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. ஒப்பாரி ராகம் பிடிக்கத் தெரியாமல் இழுத்து, நடுவில் அவளே சிரித்துவிட்டாள். பாப்பாத்திகூடச் சிரித்தாள். வீரமலை உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

பிறகு எங்கேயோ பிடித்துக்கொண்டது.

"எருமை வாங்கப் போனாலும் பல்லு பாத்து வாங்குவியே, எமன் வந்து நின்னப்ப ஏமாந்து போனியே. ஊர நம்ப மாட்டியே, டாக்டர நம்ப மாட்டியே, என்ன மட்டும் நம்பி ஏன்யா தனியா விட்டுப் போன. காளைக்கு நடுவுல கெடந்தவள முடியப் புடிச்சு இழுத்தியே, இப்ப விழுந்தா இழுக்கறதுக்கு எந்தக் கையி வருமய்யா..."

வீரமலை எத்தனையோ சாவுக்குப் போயிருக்கிறார். பெண்கள் அழுவதில் பாதி பொய் என்பது அவர் கணக்கு. செத்தவனை எல்லாரும் ராசா என்பார்கள். இவள் ஒரு தடவைகூட ராசா என்று சொல்லவில்லை. கிறுக்கன் என்றாள், கஞ்சன் என்றாள், பொய்யன் என்றாள். ஒவ்வொரு சொல்லும் மார்பில் வந்து அறைந்தது. குரல் உடைந்து, ராகம் போய், வெறும் கத்தலாக ஆனது. அவர் சட்டை நனைந்தது. மூடின கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. பிணம் அழக்கூடாது என்று துடைக்காமல் கிடந்தார்.

குரல் பாதி வரியில் நின்றது.

மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தார். கண்ணைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் காத்திருந்தார்.

கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. "ஐயோ, என் பிள்ள!" என்று பாப்பாத்தி அலறினாள்.

எழுந்தார். கட்டைவிரல் கட்டோடு தடுக்கி விழுந்தார். தரையில் செவ்வந்தி வில்லாக வளைந்து கிடந்தாள். வாயில் நுரை. முகம் நீலம். இந்த மாதிரி வலிப்பை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பாப்பாத்தி இழுத்த இழுப்புக்கு முந்தானை முடிச்சு அவிழவில்லை. வீரமலை பல்லால் கிழித்தார். வில்லையை வைத்து அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அழுத்தினார். ஆத்தா, ஆத்தா என்று கத்தினார். மகளைக் கூப்பிட்டாரா, மாரியம்மனைக் கூப்பிட்டாரா, அவருக்கே தெரியாது.

ரொம்ப நேரம் கழித்து உடம்பு தளர்ந்தது. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூச்சு வந்தது.

மறுநாள் திருச்சியில் டாக்டர் சுவரில் ஓடிய கோடுகளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். செவ்வந்தி உள்ளே கட்டிலில் தூங்கினாள், பாப்பாத்தி பக்கத்தில் இருந்தாள்.

"தப்பிச்சுட்டா. டப்பியும் கத்துக்கிருச்சு," என்றார் டாக்டர்.

"சிரிப்பு?"

"இருக்கு."

"கோவம்?"

"வேண்டிய மட்டும் இருக்கு." டாக்டர் சிரித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ஐயா, கடைசியில அழுதாள்ல? அது எங்க முடியுது, வலிப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு என்னால பிரிக்க முடியல. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கு. அப்படியே விட்டா வலிப்பையும் வழக்கம்னு எடுத்துக்கும். அந்த அழுகைப் பகுதிய டப்பியோட பாடத்துலருந்து முழுசா வெட்டிட்டேன்."

வீரமலைக்குப் புரிய நேரமானது.

"அப்ப நான் செத்தா..."

"துக்கம் தொண்டைக்கு வர்றதுக்கு முன்னாலயே டப்பி அமுக்கிரும். யார் செத்தாலும்."

"இன்னொருக்கா அணைச்சு..."

"இன்னொருக்கா அணைச்சா இவ பொழைக்கமாட்டா."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அவளுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. கேட்டாப் பொய் சொல்லமாட்டேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கண்டக்டர் சில்லறை தராததற்கு ஒரு பாட்டம் சண்டை போட்டு முடித்தாள் செவ்வந்தி. பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"யோவ், படுன்னு சொன்னது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல. அழுதனா நானு?"

"அழுத."

"நல்லா அழுதனா?"

"நல்லா அழுதத்தா."

"அப்பச் சரி. நீ இனிமே நிம்மதியாச் சாவலாம்," என்று அவர் தொடையில் ஒரு அடி வைத்துவிட்டு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். முன் இருக்கையில் பாப்பாத்தி தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சந்தையில் வீரமலை மாடு எதையும் பார்க்கவில்லை. தரகர், வியாபாரி, டீக்கடைக்காரர், கயிறு விற்கிறவள் என்று ஒவ்வொருவராக ஒதுக்கிக் கூட்டிப்போய் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கரூர் ரங்கனையும் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"ரங்கா, நான் செத்தா என் மக அழமாட்டா. கல்லு மாதிரி நிப்பா. எவனும் ஒரு சொல்லு சொல்லக்கூடாது அவள. பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலன்னு எவளாவது வாயத் தொறந்தா நீ கேக்கணும்."

"என்னய்யா, வெயிலு தலைக்கு ஏறிருச்சா?"

"அவ அழுதுட்டா. அழுது முடிச்சிட்டா. நான் காதால கேட்டேன்."

சந்தையின் அந்தக் கோடியில் செவ்வந்தி யாரையோ பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தது இங்கே வரைக்கும் கேட்டது. ரங்கன் அந்தப் பக்கம் பார்த்தான். திரும்பி வீரமலையின் முகத்தைப் பார்த்தான். அவன் சிரிப்பு அடங்கியது.

"எப்படிய்யா அழுதா?"

வீரமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கொறச்சல் இல்லாம அழுதா," என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைத் தேடிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.